ராட்டினத்தில் சித்தி

மைசூருக்கு வெளியே பெங்களூர் சாலையில் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவைத் திறந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். சில வாரங்களிலேயே எங்கள் வகுப்பு போய்வந்தவர்கள், போகாதவர்கள் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. போய்வந்தவர்களின் மணிக்கட்டில் ஊதா மையில் ஒரு முத்திரை இருக்கும். வாசலில் குத்தி அனுப்புவது. அது அழியாமலிருக்க அந்தக் கையை மட்டும் நனைக்காமல் குளித்தார்கள். நான் வீட்டில் கேட்டுப் பார்த்தேன், அழுது பார்த்தேன், ஒருநாள் சாயங்காலம் சாப்பிட மாட்டேன் என்று அறிவித்துவிட்டு, தோசை வாசனை வந்ததும் கைவிட்டேன். அப்பாவுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்குத் தூங்குவதற்காக ஏற்பட்ட நாள். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க அழுகிறவர்களைப் பார்த்துவிட்டு வருகிறவளிடம் என் அழுகை எடுபடவில்லை.

அதனால், "வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் பார்க்குக்குப் போறோம்" என்று அம்மாவே ஒருநாள் சொன்னபோது, என் பட்டினிப் போராட்டம் தாமதமாகப் பலித்திருக்கிறது என்று நினைத்தேன். கொள்ளேகாலிலிருந்து சித்தியும் வருகிறாள் என்றது அதற்குமேல் ஒரு பரிசு. இரண்டு பெரியவர்கள் ஒரு குழந்தையின் ஆசைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் இவ்வளவு டிக்கெட்டையும் செலவழிப்பார்களா என்ற சந்தேகம் எனக்கு வரவே இல்லை.

சித்தி அம்மாவின் தங்கை. கொள்ளேகாலில் ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வயதைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். அதுவரை மூன்று பேர் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர்கள் ஸ்கூட்டர் கேட்டார்கள். மூன்றாவது மாப்பிள்ளையின் அம்மா, பெண் சத்தம்போட்டுச் சிரிக்கிறாள் என்று சொல்லியனுப்பினாள். அதற்குப் பிறகு சித்தி சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்ளப் பழகியிருந்தாள். இனிமேல் யார் வந்தாலும் பஜ்ஜித் தட்டோடு வந்து நிற்க மாட்டேன் என்று தாத்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லியும்விட்டாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். இதற்கும் பூங்காவுக்கும் சம்பந்தம் இருக்கும் என்பதுதான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சித்திக்கென்று பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து வெளியே வைத்தாள்.

"தண்ணில ஆடறதுக்கு எதுக்குக்கா பட்டு?" என்றாள் சித்தி.

"போட்டோ எடுக்கலாம்னுதான்."

"நம்மகிட்ட கேமராவே இல்லையேக்கா."

அம்மா புடவையை மடித்து மறுபடி உள்ளே வைத்தாள். கடைசியில் மெல்லிய நைலக்ஸ் புடவைக்கும், தலை நிறைய மல்லிகைக்கும் இருவரும் சமாதானமானார்கள். பஸ்ஸில் போகும்போது சித்தி ஒன்றிரண்டு முறை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வழியில் வந்த கரும்பு வயல்களை அக்கறையாகக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

பூங்கா வாசலில், டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அம்மாவின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெரிய நர்ஸம்மா நின்றிருந்தார். அம்மாவின் வார்டுக்கு அவர்தான் மேலதிகாரி. பக்கத்தில் அவருடைய தம்பி, இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில்.

"அட, நீங்களும் இங்கதான் வந்தீங்களா!" என்றாள் அம்மா. வாழ்க்கையில் அவள் அவ்வளவு மோசமாக நடித்து நான் பார்த்ததில்லை. அப்பா அதைவிட மோசம். "என்ன ஒரு அதிசயம், என்ன ஒரு அதிசயம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா டிக்கெட் வாங்கத் திரும்பிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் மைசூருக்குப் போகும் பஸ் ஒன்று வந்து நின்றது. அது கிளம்பும்வரை சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வா கண்ணு, வந்ததுக்கு நாம விளையாடலாம்" என்றாள்.

அந்தத் தம்பியை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டேன். பெரியவர்களுக்குள் ஒரு நொடி குழப்பம். மாமா என்றால் ஒரு அர்த்தம், சித்தப்பா என்றால் இன்னொரு அர்த்தம். இரண்டுமே அவசரப்பட்டதாகிவிடும். "அங்கிள்னு கூப்பிடு" என்று அப்பா முடித்துவைத்தார். அந்த அங்கிளுக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை என்பது தெரிந்ததும் நானே அவரை டெலிபோன் அங்கிள் ஆக்கினேன். எங்கள் வீட்டுக்கு டெலிபோன் கேட்டு அப்பா எழுதிக்கொடுத்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்த வகையில் அப்பாவுக்கு மாப்பிள்ளையை முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிருந்தது.

டெலிபோன் அங்கிள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசும்போது நடுவில் யோசித்து, கிடைக்காத இடத்தில் கன்னடத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வார். முதலில் யாரும் யாரோடும் பேசவில்லை. மோதும் கார்களில்தான் அது உடைந்தது. நானும் சித்தியும் ஒரு காரில் ஏறினோம், அவர் தனியாக ஒன்றில். அவருடைய கார் என்ன செய்தும் பின்பக்கமாகவே போனது. ஸ்டியரிங்கை அவர் ஒரு பக்கம் திருப்ப, அது இன்னொரு பக்கம் போய்ச் சுவரில் முட்டி நின்றது. சித்தி குறிபார்த்துப் போய் அவரை இடித்தாள். அவர் மன்னிப்புக் கேட்டார். இடி வாங்கியவர் மன்னிப்புக் கேட்டதில் சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் வாயை மூட முடியவில்லை. அந்தக் கூடாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள். நான் பயந்து அவரைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "உங்க ஊர் லைன் எப்பவும் கரகரன்னே இருக்கும்" என்றார் அவர், சித்தியிடம்.

"எங்கூர் ஆளுங்க பேசறதுக்கு லைனே வேண்டாமுங்க. இங்கிருந்து கூப்பிட்டா அங்க கேக்கும்."

அவர் நின்று ரசித்துச் சிரித்தார். அதற்குப் பிறகு நான் சறுக்கு மரத்திலும் தண்ணீரிலும் ஆடும்போதெல்லாம் இரண்டு பேரும் கரையில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அலையடிக்கும் குளத்தில் அவருடைய ஒரு செருப்பு மிதந்து போய்விட்டது. சித்தி புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு இறங்கி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். மல்லிகைச் சரம் நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. ஈரப் புடவையில் அவள் வருவதைப் பார்த்து அம்மா கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவும் நர்ஸம்மாவும் நிழலில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராட்டினத்தில் ஏறச் சொன்னது நர்ஸம்மாதான். ஜெயன்ட் வீல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. டெலிபோன் அங்கிள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வேண்டாம்க்கா, சாப்பாட்டு நேரமாச்சு" என்றார். "ஏறுடா" என்றார் நர்ஸம்மா, வார்டில் ஊசிக்குப் பயப்படுகிறவர்களிடம் சொல்லும் குரலில். தம்பி ஏறினார். சித்தியும் ஏறினாள். "பாப்பாவும் கூடப் போகட்டும்" என்று அம்மா என்னையும் உள்ளே தள்ளிவிட்டாள். எல்லாம் முறையாக நடக்க வேண்டும் என்பதற்காக வைத்த மூன்றாவது ஆள் நான். எனக்காக வந்த பயணத்தில் எனக்குக் கிடைத்த இடம் அது. அதை அறியாமல் ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு சுற்று நன்றாகப் போனது. மூன்றாவது சுற்றில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், ராட்டினம் நின்றது. ஒலிபெருக்கியில் ஓடிய கன்னடப் பாட்டும் பாதியில் நின்றது. கரெண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் போடும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று கீழேயிருந்து ஒருவன் கன்னடத்தில் கத்தினான். அங்கே மேலே காற்று அதிகமாக இருந்தது. எங்கள் கூண்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆடியது.

"அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார் டெலிபோன் அங்கிள். இரண்டு கையாலும் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"ஏங்க, பயமா இருக்குதுங்களா?" என்றாள் சித்தி.

"இல்ல" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"பயமா இருந்தா எதுக்குங்க ஏறுனீங்க?"

"அக்கா ஏறச் சொன்னா."

"அக்கா சொன்னா எது வேணும்னாலும் செய்வீங்களாட்ட இருக்குது." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "ஆமாங்க. இன்னிக்கு இங்க வந்ததும் அக்கா சொல்லித்தான்."

சித்தியின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அவர் கீழே பார்க்காமலிருப்பதற்காகச் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசினார். ஒருவேளை அந்த உயரம் இல்லாமல் தரையில் இருந்திருந்தால் பேசியிருக்கவே மாட்டார். அவருடைய ஆபீஸில் ஓர் அம்மா ஆபரேட்டராக இருக்கிறார். கணவன் இறந்ததால் கிடைத்த வேலை. அவருக்கு ஒரு பையன்.

"என்ன கிளாஸ்?" என்று கேட்டேன்.

"மூணாவது" என்று என்னிடம் திரும்பிப் பதில் சொன்னார். குழந்தைகள் கேட்டால் பதில் சொல்லும் பெரியவர் என்பதால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

"அவங்ககிட்டச் சொல்லீட்டீங்களா?" என்றாள் சித்தி.

"சொன்னேன். ரொம்ப நாள் வேண்டாம் வேண்டாம்னே சொன்னாங்க. உங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னாங்க. இப்பதான் சரின்னாங்க."

"உங்க அக்காவுக்கு?"

"எங்கம்மா போனப்புறம் என்னை வளத்தது அக்கா. தனக்குன்னு எதுவும் பாத்துக்கல. அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." கூண்டு ஆடியதால் நிறுத்தினார். அது நின்றதும், "நீங்க என்னைப் பிடிக்கலன்னு சொல்லிடறீங்களா?" என்றார். "நான் சொன்னா, ஏன்னு குடைஞ்சு எடுத்துடுவா."

"நான் சொன்னா மட்டும் யாரும் கேக்க மாட்டாங்களாங்க?"

சித்தி வெளியே பார்த்தாள். நானும் பார்த்தேன். சாமுண்டி மலை தெரிந்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு பஸ் போனது. நேர் கீழே அம்மாவும் நர்ஸம்மாவும் சின்னதாக நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். மற்றக் கூண்டுகளில் இருந்தவர்களின் வீட்டார் ராட்டினம் ஓட்டுகிறவனைச் சுற்றி நின்று சத்தம்போட்டார்கள். எங்கள் வீட்டார் மட்டும் கரெண்ட் போனதில் சந்தோஷமாக இருந்தார்கள்.

"சரிங்க, சொல்லீர்றேன்" என்றாள் சித்தி கடைசியில். "ஆனா நீங்க சீக்கிரமா உங்க அக்காகிட்ட உண்மையச் சொல்லீருங்க. அடுத்து இன்னொருத்தி வந்து இங்க உக்காரக் கூடாது."

அவர் தலையை ஆட்டினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. கம்பியிலிருந்து கையை எடுக்கப் பயந்து, முகத்தைச் சாய்த்துத் தோளிலேயே துடைத்துக்கொண்டார். சித்தி என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, மேல பேசுனது மேலயே. கீழ எறக்கக் கூடாது. சரியா?"

ராட்டினத்துக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதாக நான் எடுத்துக்கொண்டேன். கையையும் தலையையும் வெளியே நீட்டக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்ததே, அதைப்போல. சரி என்றேன். கீழே ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் கை கழுவும் இடத்தில் அம்மா சித்தியைப் பிடித்துக்கொண்டாள். நானும் கை கழுவிக்கொண்டிருந்தேன். "என்னடி, முடிச்சிடலாமா?" என்று கேட்கும்போதே அம்மாவின் முகம் கல்யாண வீட்டு முகமாக மாறியிருந்தது.

"எனக்குப் பிடிக்கலக்கா."

அம்மா குழாயை மூட மறந்து நின்றாள். "காலையிலேர்ந்து பல்லைக் காட்டிட்டு நின்னியே, அது யாரு?"

"பயந்தாங்கொள்ளியா இருக்காருக்கா. ராட்டினம் நின்னதுக்கு அழுவறாரு. இவரைக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அழுதாரா?" அம்மா என்னைக் கேட்டாள்.

கண்ணைத் துடைத்ததை நான் பார்த்திருந்தேன். ஆமாம் என்றேன். மற்றது மேலே பேசியது. அதைக் கீழே இறக்கக் கூடாது.

அம்மா நர்ஸம்மாவிடம் எந்த வார்த்தையில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தேன். நர்ஸம்மா எழுந்து நின்றார். இலையில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. "ராட்டினத்துல பயந்தா அது ஒரு குத்தமா? என்ன பொண்ணை வளத்திருக்கீங்க?" என்பது மட்டும் எல்லாருக்கும் கேட்டது. தம்பியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டெலிபோன் அங்கிள் போகும்போது என் தலையில் கை வைத்து, "வரட்டா?" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "சொல்லிடறேன்" என்றார். என்னிடம் எதையோ சொல்லப்போவதாக நினைத்து அம்மா என்னை முறைத்தாள்.

அதன் விளைவுகள் எங்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாக வந்தன. அம்மாவுக்குத் தொடர்ந்து நைட் ட்யூட்டி விழுந்தது. தாத்தா சித்தியோடு பேசுவதை நிறுத்தினார். ராட்டினத்தில் பயந்தான் என்று மாப்பிள்ளையை வேண்டாமென்ற பெண் என்ற கதை கொள்ளேகால், ஹனூர் பக்கமெல்லாம் சுற்றியது. அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. நாலைந்து வருஷம் அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. டெலிபோன் அங்கிள் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கும் அந்த ஆபரேட்டர் அம்மாவுக்கும் பதிவுத் திருமணம் ஆகிவிட்டது. நர்ஸம்மா ஒரு வாரம் வேலைக்கே வரவில்லை. செய்தி கேட்டதும் அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "நல்லவேளை, தப்பிச்சோம்" என்றாள். அடுத்த முறை கொள்ளேகாலுக்குப் போனபோது சித்தியிடம், "உனக்கு மட்டும் எப்படிடீ தெரிஞ்சது?" என்று கேட்டாள். பார்த்தால் தெரியாதா என்றாள் சித்தி. அப்போதிலிருந்து, ஆளைக் கண்டால் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள் என்று எங்கள் குடும்பத்தில் அவளுக்கு ஒரு பெயர். பின்னாளில் ஹனூரில் ஒரு பள்ளி ஆசிரியரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், நல்ல வாழ்க்கை. எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வர இன்னும் நிறைய நாளானது.

இதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அவர்கள் போனதும், வாங்கிய டிக்கெட் வீணாக வேண்டாம், சாயங்காலம்வரை இருந்துவிட்டே போகலாம் என்று அப்பா சொன்னார். அம்மா ஒரு மரத்தடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். அப்பா தன் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைப் புல்தரையில் தூங்க ஆரம்பித்தார். சித்தி எழுந்து ராட்டினத்துப் பக்கம் நடந்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"நீ இங்கயே இரு" என்றாள்.

சித்தி என்னை வேண்டாமென்று சொன்னது அதுதான் முதல் தடவை. மேலே என்ன பேசினாலும் கீழே இறக்க மாட்டேன், சத்தியம் என்றேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தனியாக ஏறிக்கொண்டாள். வெயில் நேரம், ஆளே இல்லை. ராட்டினக்காரன் அவளுக்காக மட்டும் அதை ஓட்டினான். அது நின்றது. அவள் இறங்கவில்லை. மறுபடி ஓட்டினான். இப்படி எத்தனை சுற்று என்று தெரியாது, நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் என்னைக் கூப்பிடுவாள் என்று தயாராக நின்றேன். அவள் எதிரே நேராகப் பார்த்தபடி என்னைக் கடந்து மேலே போனாள்.

கடைசியில் இறங்கி வந்தபோது கண் சிவந்து, முகமெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. மேலே காற்று ஜாஸ்தி என்றாள். நான் கேட்கவே இல்லை. ஆள் இல்லாத ராட்டினத்தில் எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம் என்று தெரிந்துகொண்டு, என்னை மட்டும் கழற்றிவிட்டு அத்தனையையும் அவளே அனுபவித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீடிருந்த தேவராஜ மொஹல்லாவில் இறங்கும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தேன். நடுநடுவே, அவள் என்னைச் சமாதானப்படுத்த வருகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பேசாமல் வருகிறேன் என்பதையே அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு இன்றைக்கு என்னதான் வந்தது என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.